எச்சிலில் ஹார்மோன் பரிசோதனை: வீட்டில் மாதிரி எடுப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடுகளில் மாதவிடாய் நின்றுவிட்டால் "தூரம் நின்னுபோச்சு" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். மலையாளத்தில் ஆர்த்தவ விராமம். என் நாத்தனாருக்கு 48 வயது. ராத்திரியில் திடீரென்று உடம்பு அனலாகக் கொதித்து, ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. "ஊசி வேண்டாம் அண்ணி, எச்சில் போதுமாம்" என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கிவிட்டார். முதல் மாதிரி வீணாய்ப் போனது. இரண்டாவது தடவை இருவரும் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். அதைத்தான் எழுதுகிறேன்.

படி 1: எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

45 வயதுக்கு மேல், வேறு காரணம் இல்லாமல் 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். அதற்குப் பரிசோதனையே வேண்டாம், காலண்டர் போதும். நிற்கப்போகிற காலத்தில் ஹார்மோன் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு நாள் எச்சில் அன்றைய கதையை மட்டும் சொல்லும். கருமுட்டையை வளரத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைப் பார்க்க எச்சில் உதவாது, பெரும்பாலும் இரத்தம்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசில் முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்திருப்பேன். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும்.

சரி, கிட் வந்துவிட்டது. மேலே போவோம்.

படி 2: முந்தின இரவே வாயைக் கவனியுங்கள்

நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். நாத்தனார் காலையில் அழுத்திப் பல் தேய்த்துவிட்டுத் துப்பினார். ஈறில் கசிந்த இரத்தம் கலந்து மாதிரி இளஞ்சிவப்பாகிவிட்டது, லேப் ஏற்கவில்லை. எச்சிலில் இருப்பது புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் ஹார்மோன் மட்டுமே, அதுவும் மிகக் கொஞ்சம். இரத்தத்தில் அதைப்போலப் பல மடங்கு இருப்பதால் ஒரு துளி கலந்தாலும் அளவு பொய்யாகிவிடும். மாதிரி எடுத்து முடிக்கும்வரை பல் தேய்க்க வேண்டாம். வெற்றிலை பாக்கு, புகையிலை முந்தின இரவிலிருந்தே கூடாது. (எங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) காபி, டீ, சாப்பாடு எல்லாம் அப்புறம்.

ஹார்மோன் கிரீம் தடவுகிறவர்கள் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், எச்சில் பிடிக்கும் குழாயின் வாய்ப்பகுதியைத் தொடாதீர்கள். புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் உள்ள கிரீம் போட்டிருந்தால் எச்சிலில் அளவு தாறுமாறாக ஏறும், இரத்தத்தில் அப்படி இருக்காது.

படி 3: துப்புதல்

வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து 10 நிமிடம் காத்திருங்கள். தலையைக் குனிந்து, எச்சில் தானாக ஊறி வழிந்து குழாயில் இறங்கட்டும். காறித் துப்பக் கூடாது, நுரையும் கணக்கில் சேராது. எச்சில் ஊற வைக்கப் புளியோ எலுமிச்சையோ வாயில் போடாதீர்கள், புளிப்பு பரிசோதனையைக் கெடுக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காயை மனசில் நினைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பஞ்சைக் கடித்து எடுப்பது ஈஸ்ட்ரடயால் என்ற முக்கியப் பெண் ஹார்மோனை அளக்கச் சரிவராது.

மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் சேர்த்துப் பார்ப்பதானால் நேரம் முக்கியம். விழித்த அரை மணியில் அது உச்சத்துக்குப் போய், நள்ளிரவில் அடியில் கிடக்கும். ஒவ்வொரு குழாயிலும் மணியை எழுதுங்கள்.

படி 4: அனுப்புதல்

உடனே ஃப்ரீசரில் வையுங்கள். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் கூரியர் வண்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐஸ் ஜெல் பேக்கோடு, திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க எங்காவது கிடங்கில் கிடக்கும்.

படி 5: ரிப்போர்ட்

மாதவிடாய் நின்றபின் எச்சிலில் ஈஸ்ட்ரடயால் அளக்கவே சிரமமான அளவுக்கு இறங்கிவிடும். "குறைவு" என்று சிவப்பில் அச்சடித்திருந்தால் பதறாதீர்கள், அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. இந்த எண்ணை வைத்து ஹார்மோன் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதை அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி ஏற்பதில்லை. டாக்டரும் உங்கள் தூக்கம், வியர்வை, எரிச்சல் குறைகிறதா என்று கேட்டுத்தான் மருந்தை மாற்றுவார். ரிப்போர்ட்டோடு கிரீமோ மாத்திரையோ விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் கிட் வாங்கிக்கொண்டு உட்காராமல், அந்த வாரமே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.