பழைய கோயிலில் சாய்தளம் போடும்போது நடக்கும் தவறுகள்

கொங்கு நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கும்பாபிஷேகத் தேதி நெருங்கும்போதுதான் சாய்தளம் நினைவுக்கு வருகிறது. மேஸ்திரி இரண்டு மூட்டை சிமென்ட்டைக் குழைத்துப் படியோரம் ஒரு சரிவு போட்டுவிடுவார். சக்கர நாற்காலி அதில் ஏறாது, கல்லும் கெடும்.

முதல் கோளாறு கணக்கில். சரிவு 1:12-ஐ விடச் செங்குத்தாகக் கூடாது. மண்டபம் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதை 2 மீட்டரில் முடித்தால், இறங்கும்போது நாற்காலி தள்ளுபவர் கையை மீறி ஓடும். அகலம் 1.2 மீட்டர், மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம். இடம் போதாவிட்டால் மடக்கிப் போடலாம், அல்லது படி குறைந்த பக்கவாசலைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாசல் பூட்டிக் கிடந்து சாவிக்கு ஆள் தேட வைத்தால் செய்ததெல்லாம் வீண்.

சாய்தளம் போட்டவர்களும் கோபுர வாசலின் நிலைப்படியை மறந்துவிடுகிறார்கள். 15 செ.மீ. படிக்கு இருபுறமும் 1.8 மீட்டர் சரிவு தேவை. கல்லைச் செதுக்கித் தாழ்த்தவே கூடாது. கழற்றக்கூடிய மரச் சாய்தளம் போதும். சுவாமி புறப்பாட்டின்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம். மருதமலை, திருச்செங்கோடு போல மலைமேல் வண்டி போகும் தலங்களிலும் இறங்கிய பிறகுள்ள படிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிமென்ட்டை அதிட்டானத்தோடு, அதாவது கோயிலின் கல் அடிப்பீடத்தோடு, ஒட்டிப் பூசுவதுதான் மிகப் பெரிய கேடு. கல்வெட்டு இருந்தால் மறைந்துபோகும். பிறகு பெயர்த்தால் எழுத்தும் சேர்ந்து உதிரும். சாய்தளம் தனியாக, கல்லிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கட்டும், மழைநீரும் வடியும். சக்கரம் கடக்கும் இடத்தில் மட்டும் அந்த இடைவெளியைக் கழற்றக்கூடிய பலகையால் மூடுங்கள். முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடுகளிலும் இதே கதைதான்: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் பொரியும். கைப்பிடிக்காகத் தூணில் துளையிட்டு இரும்பு போல்ட் அடிப்பதும் அப்படித்தான்: துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். கைப்பிடியைச் சாய்தளத்திலேயே ஊன்றுங்கள், 76, 90 செ.மீ. என இரண்டு உயரங்களில்.

கோயிலில் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். இரும்புத் தகடு சித்திரை வெயிலில் காலைச் சுட்டுவிடும். பாலிஷ் போட்ட கிரானைட் எண்ணெயும் தண்ணீரும் பட்டால் வழுக்கும். கொத்திய கருங்கல்லே நல்லது. தரைக்கல் இடுக்கு 12 மி.மீ.க்கு மேல் போனால் நாற்காலியின் முன்சக்கரம் சிக்கும். அதைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் அனுமதியில்லாமல் கைவைக்க முடியாது. பழமையான நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1958 சட்டமும் அங்கே பொருந்தும்.

கல் இறக்குமுன், அதே சரிவில் பலகை போட்டு, தினமும் சக்கர நாற்காலியில் போகிறவரை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.