வாய்ஸ்மெயிலை நிறுத்த ##002# போதுமா?

அழைப்பு நாலு ரிங்கில் வாய்ஸ்மெயிலுக்குப் போனால் போனைக் குறை சொல்லாதீர்கள். அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் டைவர்ட் பதிவாகியிருப்பது நெட்வொர்க்கில். அதனால்தான் சிம்மை வேறு போனில் போட்டாலும் அதே தொல்லை தொடர்கிறது.

நான் முதலில் டயல் செய்வது *#61#. எடுக்காதபோது அழைப்பு எந்த எண்ணுக்குப் போகிறது, எத்தனை நொடியில் போகிறது என்று திரையில் வரும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். *#62# போன் அணைந்திருக்கும்போது, *#67# பிஸியாக இருக்கும்போது, *#21# எப்போதுமே திருப்பப்படும் அழைப்புக்கு.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்க ##002#. ஆனால் நீங்களே வீட்டு எண்ணுக்குப் போட்ட டைவர்ட்டும் சேர்ந்து போய்விடும். வாய்ஸ்மெயில் பெரும்பாலும் 61, 62, 67-இல்தான் இருக்கும். அவற்றை மட்டும் நீக்க ##004# போதும், 21 அப்படியே நிற்கும்.

வாய்ஸ்மெயில் வேண்டும், சீக்கிரம் போய்விடுவதுதான் பிரச்சினை என்றால் **61*, குறித்த எண், *11*30# என்று சேர்த்து டயல் செய்யுங்கள். கடைசியில் வரும் 30 என்பது நொடி, அதுதான் உச்சம். ஐந்தைந்தாகத்தான் மாற்ற முடியும்.

இரட்டை சிம்மில் சரியான சிம்மிலிருந்து டயல் செய்யுங்கள். சில நெட்வொர்க்குகள் இந்தக் குறியீடுகளை ஏற்பதில்லை. அங்கே வாடிக்கையாளர் சேவைதான் வழி.

யாராவது போனில் பேசி *21* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யவே கூடாது. உங்கள் அழைப்பெல்லாம், குரல்வழி ஓடிபி உட்பட, அவர்களுக்குப் போய்விடும்.