சர்ஃபேசி நோட்டீஸ் வந்தால் எங்கே, எப்போது முறையிடுவது?

கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்தான் சர்ஃபேசி. கடன் வாராக்கடனானதும் இதன் 13(2) பிரிவின்படி வங்கி அனுப்பும் நோட்டீஸில், பாக்கியைக் கட்ட 60 நாள் கெடு இருக்கும். பதறிப்போய் சிவில் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். 34-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. இந்த நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு, வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது.

இப்போது கையில் இருப்பது, 13(3ஏ) பிரிவின்படி வங்கிக்கு எழுதும் ஆட்சேபனைக் கடிதம். பலர் இதை வீணடிக்கிறார்கள். "கஷ்டத்தில் இருக்கிறேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதிப் பயனில்லை. கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்த்து, வரவு வைக்காத தவணை, கூடுதலாகப் போட்ட அபராத வட்டி எல்லாவற்றையும் தேதி, தொகையோடு எழுதுங்கள். அடமானம் விவசாய நிலமா? பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவா? அப்படியானால் இந்தச் சட்டமே பொருந்தாது. அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். தபால் ரசீது பத்திரம். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும்; தராவிட்டால் அதுவே பின்னால் வலுவான வாதம்.

சொத்தைத் தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸை வங்கி கதவில் ஒட்டிய பிறகுதான், தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவு மனு. நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உண்டு. மனு போட்டாலே ஏலம் நின்றுவிடாது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுவும் கூடவே போடுங்கள்.