மொஸ்காத்தோ தாஸ்தி: இனிப்பை எடை போடுவது எப்படி?

இத்தாலியின் வடமேற்கே, பியமோன்தே மலைச்சரிவுகளில் விளையும் மொஸ்காத்தோ பியாங்கோ திராட்சையின் ஒயின் இது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். ஆகவே இனிக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. இவ்வளவு இனிப்பும் திகட்டாமல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

சாறு மூடிய எஃகுத் தொட்டியில் நொதிக்கிறது. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி வந்ததும் குளிரூட்டி, ஈஸ்டை வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சும் இனிப்பு பழத்தினுடையது. குமிழி தரும் வாயுவின் அழுத்தம் 2.5 பார் என்ற அளவுக்கு மேல் போகாது. அதனால் பெரும்பாலும் சாதாரண கார்க்தான். கம்பி கட்டிய காளான் கார்க் இருந்தால் லேபிளை ஒருமுறை பாருங்கள், அது அழுத்தமும் ஆல்கஹாலும் கூடிய ஆஸ்தி ஸ்புமாந்தே என்ற வேறு ஒயினாக இருக்கலாம்.

லேபிளில் அறுவடை ஆண்டையும் கவனியுங்கள். இரண்டு வருடம் தாண்டினால் பூ மணம் மங்கிவிடும். வைத்திருந்து பழசாக்கிக் குடிக்கும் சரக்கு அல்ல இது.

ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் அரை மணி நேரம். 6 முதல் 8 டிகிரி சரியான சூடு. அதற்குக் கீழே மணம் எழாது. 12-ஐத் தாண்டினால் சர்க்கரைதான் முன்னே நிற்கும். நம் ஊர் வெயிலில் கிளாஸ் சீக்கிரம் சூடேறும். 75 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஒடுங்கிய ஃபுளூட் கிளாஸ் வேண்டாம், மூக்கு நுழையாது. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். சோப்பு எச்சம் குமிழியைக் கொன்றுவிடும். வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். சுழற்றாமலே முகருங்கள், சுழற்றினால் இருக்கிற கொஞ்ச வாயுவும் போய்விடும். ஆரஞ்சுப் பூ, பீச், ஆப்ரிகாட், கொஞ்சம் பச்சிலை வாசம் வரவேண்டும். இந்தப் பூ மணத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுடையது. கொத்தமல்லி விதையை நசுக்கினால் எழுகிற வாசனையிலும் அதுதான் பிரதானம், பக்கத்தில் நாலு விதை வைத்து ஒப்பிட்டால் மூக்கு சட்டென்று பிடித்துக்கொள்ளும். கம்பம் பன்னீர் திராட்சையும் மொஸ்காத்தோவைப் போல மஸ்கட் வகைதான். அதைத் தின்றவர்களுக்கு இந்த மணம் அந்நியமாக இராது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டது, அந்தப் பாட்டிலை ஒதுக்குங்கள்.

ஒரு வாய் எடுத்து மூன்று விநாடி நாக்கில் நிறுத்தி விழுங்குங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் புளிப்பு தன் வேலையைச் செய்கிறது. உதட்டில் பிசுபிசுப்பு மட்டும் தங்கினால் புளிப்பு போதவில்லை.

இன்னொரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வாயு போகும்வரை கரண்டியால் கலக்கி, மறுபடி ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். குமிழியின் கடி போனதும் இனிப்பு கூடியதுபோல் தெரியும். அப்போதும் திகட்டவில்லை என்றால் நல்ல ஒயின்.

தொட்டுக்கொள்ள ஹேசல்நட் கேக்கோ நறுக்கிய பீச்சோ போதும். ஒயினைவிட இனிப்பான பலகாரம் கூடவே கூடாது, குலாப் ஜாமூன் சாப்பிட்ட வாய்க்கு இது புளித்த தண்ணீராகத்தான் படும். திறந்த பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும்.