மண்பாதைக்கும் மழை நனைந்த தார்வீதிக்கும் ஒரே டயர்: ஆல் வீல் டிரைவ் வேகனுக்கு அளவு தெரிவு செய்யும் முறை

வார நாட்களில் காலி வீதி நெரிசல், விடுமுறை கிடைத்தால் மீமுரேயின் கல்பாதை அல்லது கற்பிட்டியின் மணல். கொழும்பில் ஆல் வீல் டிரைவ் வேகன், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வேகன், வைத்திருக்கும் பலர் இந்த இரண்டு உலகத்தையும் ஒரே நான்கு டயர்களில்தான் ஓடிக் கடக்கிறார்கள். டயர் கடைக்குள் நுழைந்ததும் ஆழமான பள்ளங்களும் தடித்த இறப்பர் கட்டிகளும் கொண்ட டயரே முதலில் கண்ணை இழுக்கும். அதைப் பிறகு பார்ப்போம். கரடுமுரடான பாதையில் ஒரு வேகனை முதலில் காப்பாற்றுவது டயரின் பக்கச் சுவர் உயரம். அடுத்தது, நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றாக இருப்பது. இந்த இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

விளக்கத்துக்கு 2010 முதல் 2014 வரையான சுபாரு அவுட்பேக்கை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வாகனம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதலாவது படி: இப்போதுள்ள எண்ணை வாசியுங்கள்

சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. முந்தைய உரிமையாளர் டயரை மாற்றியிருக்கலாம் என்பதால், டயரில் உள்ளதை விட இந்த ஸ்டிக்கரையே நம்புங்கள். அங்கே 225/60ஆர்17 என்று இருக்கிறது என வைப்போம். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 135 மில்லிமீற்றர். 17 என்பது ரிம்மின், அதாவது டயர் பூட்டும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஆகவே டயரின் முழு விட்டம் 431.8 உடன் 270 சேர்ந்து ஏறக்குறைய 702 மில்லிமீற்றர். இந்த 702 ஐக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான்.

அளவுக்குப் பின்னால் 98எச் போல ஒரு குறி வரும். 98 என்றால் அந்த ஒரு டயர் 750 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை. வாங்கும் டயரின் சுமை எண் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையவே கூடாது.

இரண்டாவது படி: ரிம்மைச் சிறிதாக்குங்கள்

பெரிய ரிம் போட்டால் வாகனம் எடுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் முழு விட்டத்தை அதிகம் மாற்ற முடியாதபோது, ரிம் பெரிதாகும் ஒவ்வோர் அங்குலமும் பக்கச் சுவரிலிருந்தே கழிகிறது. நக்கிள்ஸ் மலைப் பாதையில் கூரான கல்லொன்றில் சக்கரம் ஏறும்போது, அந்த அடியை வாங்க வேண்டியது இறப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும். பக்கச் சுவர் தாழ்ந்திருந்தால் கல்லுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையில் டயர் நசுங்கிக் கிழியும், அலாய் ரிம் வளையும், சில வேளை விரிசல் விடும்.

17 இலிருந்து 16 அங்குலத்துக்கு இறங்கி 215/70 போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பக்கச் சுவர் 135 இலிருந்து 150 மில்லிமீற்றருக்கு உயர்கிறது. முழு விட்டமோ 707 மட்டுமே. மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வேகமானி பிசகாது, டயர் எங்கும் உரசாது. இந்தத் தலைமுறை அவுட்பேக்கின் சில வகைகள் தொழிற்சாலையிலிருந்தே இந்த அளவுடன் வந்தவைதான். என் கருத்தில் இந்த வாகனத்துக்கு மிகச் சிறந்த தெரிவு இதுவே. பெரிய பிரேக் பூட்டிய வகையாக இருந்தால் மட்டும், பணம் கொடுக்கும் முன் 16 அங்குல ரிம் ஒன்றைப் பொருத்திச் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் முட்டக்கூடும்.

ரிம்மை மாற்ற விருப்பமில்லை என்றால் 225/65ஆர்17 ஐப் பலர் நாடுகிறார்கள். அதன் விட்டம் 724 மில்லிமீற்றர், அதாவது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. வாகனம் 11 மில்லிமீற்றர் உயரும். வேகமானி 100 காட்டும்போது முன்பு ஓடியதை விட 3 கிலோமீற்றர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். 100 ஐ உச்ச வரம்பாகக் கொண்ட தெற்கு அதிவேகப் பாதையில் இது கவனிக்க வேண்டியது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டுக்கும் டயருக்கும் இடையில் விரல் தாராளமாக நுழைகிறதா என்பதையும் பாருங்கள். நுழையாவிட்டால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி: பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன்

பாவித்த ஜப்பானிய ரிம்களுக்குப் பஞ்சிகாவத்தையை விட நல்ல இடம் கொழும்பில் இல்லை. ஆனால் நான்கு விடயங்களை எழுதி எடுத்துப் போங்கள்.

முதலில் நட் துளைகள்: இந்த அவுட்பேக்கில் ஐந்து துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். 2015 இலிருந்து வந்த அவுட்பேக்கில் அது 114.3, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடுத்தது நடுத்துளை, இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டொயோட்டா பிரியஸ் ரிம்மும் ஐந்து துளை, 100 மில்லிமீற்றர்தான். சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதன் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், சுபாருவின் ஹப், அதாவது ரிம்மின் நடுத்துளைக்குள் நுழையும் அச்சு முனை, 56.1. இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் ரிம் ஹப்பில் உட்காராது. துளை பெரிதான ரிம் என்றால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டுச் சமாளிக்கலாம்; சிறிதானால் அந்த வழியில்லை. நட்டுகளையும் கலக்காதீர்கள்: சுபாருவில் புரியிடைவெளி 1.25 மில்லிமீற்றர், டொயோட்டாவில் 1.5. பலவந்தமாக முறுக்கினால் போல்ட்டின் புரி அழியும்.

கடைசியாக ஓஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. இந்த வாகனங்களில் 48 மில்லிமீற்றர் வழக்கம். 38 உள்ள ரிம்மைப் போட்டால் சக்கரம் 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். சேறும் கல்லும் கதவில் அடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். 40 க்குக் கீழே போக நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான்காவது படி: டயரின் வகை

தார்வீதிக்கான ஹைவே டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன், சேற்றுக்கான மட் டெரெய்ன் என மூன்று வகை. மட் டெரெய்னை இந்த வேகனுக்கு வேண்டாம் என்று திட்டமாகவே சொல்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும் தார்வீதியில் அதன் பெரிய கட்டிகளுக்குப் பிடிப்புக் குறைவு, பிரேக் தூரம் கூடும், இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடவே வரும். மென்மையான ஆல் டெரெய்ன் போதும். யோகோஹாமா ஜியோலேண்டர், ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓப்பன் கன்ட்ரி வரிசைகளில் இப்படிப்பட்ட வாகனங்களுக்கான அளவுகள் உண்டு. சிறிய லொறிகளுக்குரிய எல்.டி. குறியிட்ட டயர் கடினமானது, பாரமானது, வேகனுக்குத் தேவையில்லை.

பாவித்த டயர்களுக்கிடையில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்த ஜப்பானிய டயர்களைக் காண்பீர்கள். அவற்றின் வெட்டுகளைப் பார்த்து மண்பாதைக்கு உகந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். பனிக்கட்டிக்காகச் செய்த மென்மையான இறப்பர் அது. கொழும்பு வெயிலில் வேகமாகத் தேயும், ஈரத் தாரில் வழுக்கும்.

டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்றும் பக்கச் சுவரில் இருக்கும். 1524 என்றால் 2024 ஆம் ஆண்டின் 15 ஆவது வாரத்தில் செய்தது.

ஐந்தாவது படி: நான்கும் ஒன்றாக

ஆல் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே இயக்கத்தில் இணைந்திருக்கின்றன. ஒரு டயர் மட்டும் பெரிதானால் அது மற்றவற்றை விட மெதுவாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் (இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்), அல்லது சில வகைகளில் அதன் இடத்தில் உள்ள கிளச், ஓயாமல் சரிக்கட்ட வேண்டும். நெடுந்தூரம் ஓடும்போது அது சூடாகித் தேய்ந்து போகும். சுபாரு சொல்லும் எல்லை, சுற்றளவில் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். கேட்கத் தாராளமாகத் தோன்றும், ஆனால் டயரின் மேற்பரப்பு ஒரே ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலே சுற்றளவு 6 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்துவிடும். 8 மில்லிமீற்றர் பள்ளமுள்ள புதிய டயரை 4 க்குத் தேய்ந்த மூன்றுடன் போட்டால் வித்தியாசம் 25 மில்லிமீற்றர்.

ஆகவே கல் கிழித்த ஒரு டயருக்குப் பதில் புதிதாக ஒன்றை மட்டும் வாங்குவது இங்கே சரிவராது. உதிரிச் சக்கரத்தின் குழியில் முழு அளவு டயர் அடங்குமானால் ஐந்தாக வாங்குங்கள். 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஐந்தையும் இடம் மாற்றினால் எல்லாம் சமமாகத் தேயும், ஆபத்துக்கு உதவும் டயரும் அதே சுற்றளவில் இருக்கும். செலவு கூடத்தான் செய்யும். அந்தப் பாகத்தின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்கள் தயங்க மாட்டார்கள்.

ஆறாவது படி: பூட்டிய பின்

ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டி, உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வீல் எலைன்மென்ட் பாருங்கள். முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை எதிரெதிராக ஒரு முறை இறுக்குங்கள்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். தார்வீதியில் ஸ்டிக்கரில் உள்ள அளவு. கல்பாதையில் அதிலிருந்து 6 பி.எஸ்.ஐ. அளவு குறைத்தால் டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். கற்பிட்டி, மன்னார் மணலில் 18 முதல் 20 வரை இறக்கலாம். டயர் நிலத்தில் படும் பரப்பு நீண்டு, மணலில் புதையாமல் மேலே ஓடும். அந்த நிலையில் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீர்கள், திடீரென்று திருப்பாதீர்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்வீதி ஏறும் இடத்திலேயே நிறுத்தி, 12 வோல்ட் கம்ப்ரசரால் நான்கையும் பழைய அழுத்தத்துக்கு நிரப்புங்கள். கம்ப்ரசர் வேலையை முடிக்கும் வரை எஞ்சினை அணைக்க வேண்டாம், இல்லையேல் பற்றரி இறங்கிவிடும்.