ஹெல்மின்தியாசிஸ்: சொல்லிலேயே தொடங்கும் தவறுகள்

மருத்துவச் சீட்டில் 'ஹெல்மின்தியாசிஸ்' என்று இருப்பதைப் பார்த்ததும் சிலர் பதறிவிடுகிறார்கள். குழந்தையின் சீட்டு என்றால், வீட்டில் 'வயிற்றில் பூச்சி' என்கிறோமே, பெரும்பாலும் அதுதான். பழைய கிரேக்கத்தில் 'ஹெல்மின்ஸ்' என்றால் புழு. 'இயாசிஸ்' என்பது நோய்நிலையைக் காட்டும் விகுதி. இரண்டும் சேர்ந்து, உடம்பில் ஒட்டுண்ணிப் புழு குடியிருக்கும் நிலை.

விகுதியைத் தவறாகப் படிக்கக் கூடாது. டான்சிலைட்டிஸ் போல 'ஐட்டிஸ்' என்று முடியும் பெயர்கள் அழற்சியைக் குறிப்பவை. 'இயாசிஸ்' அப்படியல்ல. ஆகவே 'புழு அழற்சி' என்று மொழிபெயர்ப்பது பிழை. 'புழுத்தொற்று' அல்லது 'புழுநோய்' என்பதே சரி. புழுக்கள் குறைவாக இருந்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கலாம்.

இது ஒரே நோயின் பெயரும் அல்ல. உருண்டைப்புழுவால் வருவது அஸ்காரியாசிஸ். கொசுக்கடியால் பரவி நிணநீர் நாளங்களில் தங்கும் புழுவால் வருவது ஃபைலேரியாசிஸ், நம் ஊர் யானைக்கால் நோய். ('ஃபைலம்' என்றால் லத்தீனில் நூல், புழு அவ்வளவு மெல்லியது.) இரண்டும் ஹெல்மின்தியாசிஸ்தான். எனவே அந்தச் சொல்லைக் கண்டதும் குடலை மட்டுமே நினைப்பதும் தவறு. அமீபாவும் ஜியார்டியாவும் குடலில்தான் இருக்கின்றன, ஆனால் ஒற்றைச்செல் உயிரிகள்; இந்தக் கணக்கில் வராது. ஆங்கிலத்தில் 'ரிங்வார்ம்' என்று பெயர் பெற்ற படர்தாமரையில் புழுவே கிடையாது. அது பூஞ்சை. அதற்குப் புழு மாத்திரை தின்று பயனில்லை.

பெயர் வைத்த அறிஞர்களும் சறுக்கியிருக்கிறார்கள். சாட்டைப்புழுவின் அறிவியல் பெயர் 'டிரிக்கூரிஸ்'. மயிர் போன்ற வால் என்று பொருள். மெல்லிய முனையை வால் என்று எண்ணி 18-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. உண்மையில் அந்த மெல்லிய பக்கம்தான் தலைப்பக்கம். அதைக் குடல் சுவரில் புதைத்துக்கொண்டுதான் அது வாழ்கிறது. பிழை தெரிந்த பின்னும் பெயர் மாறவில்லை.

தமிழில் நாம் அதிகம் தடுமாறும் இடம் 'கிருமி'. இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் பாக்டீரியாவும் வைரஸும் நினைவுக்கு வருகின்றன. வடமொழியில் 'க்ருமி' என்றால் புழு. வாயுவிளங்கம் என்ற மூலிகைக்கு வடமொழி மருத்துவ நூல்களில் 'கிருமிக்ன' என்றொரு பெயர் உண்டு: புழுவைக் கொல்வது. இதை இன்றைய பொருளில் படித்துவிட்டு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். நூல் சொல்லாததை நூலின் தலையில் ஏற்றுவது அது. நூலில் உள்ள செய்தியே பெருமைக்குரியதுதான். கண்ணுக்குத் தெரியும் குடற்புழுவைக் கவனித்து, அதற்கென்று மூலிகை தேடியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது 'பூச்சி மருந்து'. குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரையையும் அப்படித்தான் சொல்கிறோம், வயலில் தெளிக்கும் நஞ்சையும் அப்படித்தான் சொல்கிறோம். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கக்கூடிய ஊர்களில் இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துக்கொள்ளவே கூடாது. 'குடற்புழு மாத்திரை' என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். கடையில் கேட்கும்போதும், பாட்டியிடம் எடுத்துக் கொடுக்கச் சொல்லும்போதும், இன்னும் கவனமாக.

'பூச்சி' என்ற சொல்லோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பது. சர்க்கரையிலிருந்து புழு பிறப்பதில்லை. உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, அங்கே சில வாரம் வளர்ந்து, கழுவாத கையோடும் காய்கறியோடும் வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழைந்துவிடும். மிட்டாயைப் பிடுங்கிவைத்துவிட்டு, கை கழுவாமல் சோறு ஊட்டினால் புழு தடுக்கப்படாது.

இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். முழு மாத்திரை 400 மில்லிகிராம். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதிதான், அதையும் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் அப்படியே விழுங்காமல் மென்று தின்னட்டும்.