கிட்ஹப் கிராஃபில் பெயர் விடுபடுதா?

பாளையங்கோட்டைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து பாபநாசம் அணை நீர்மட்டத்தைக் காட்டுற ஆப் ஒன்றை, யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஓப்பன் சோர்ஸாக, நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் போடுறீங்கன்னு வைங்க. யார் எவ்வளவு வேலை பார்த்தாங்கன்னு காட்ட கிட்ஹப்பிலேயே இன்சைட்ஸ் டேப் இருக்கு. உள்ளே பல்ஸ் (சமீபத்திய வேலைச் சுருக்கம்), கான்ட்ரிபியூட்டர்ஸ் (யார் எவ்வளவு பங்களிச்சாங்க என்ற கிராஃப்) எல்லாம் தயாராக இருக்கும். தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

ஆனால் சிக்கல் மின்னஞ்சலில்தான். லேப்டாப்பில் நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' மென்பொருளின் அமைப்பில் ஒரு முகவரி, கிட்ஹப் கணக்கில் வேறொன்று என்றால், அந்த கமிட்டுகள் (மாற்றப் பதிவுகள்) உங்கள் கணக்கில் சேராது. கணக்கின் செட்டிங்ஸில் அந்த முகவரியையும் சேர்த்து உறுதி செய்யுங்க. பழைய கமிட்டுகளும் வந்து ஒட்டிக்கும். டெர்மினலில், ஆள்வாரியாக கமிட்டுகளைப் பட்டியலிடும் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையை ஓட்டிப் பார்க்கிறவங்க, ஒரே ஆளின் ரெண்டு பெயரை இணைக்க 'மெயில்மேப்' கோப்பு வைக்கலாம்.

கான்ட்ரிபியூட்டர்ஸ் கிராஃபில் மெர்ஜ் கமிட்டுகள் (இரு கிளைகளை இணைக்கும் பதிவுகள்) கணக்கில் வராது. எத்தனை பேர் வந்து பார்த்தாங்கன்னு சொல்ற டிராஃபிக் கிராஃப் கடைசி 14 நாளைத்தான் காட்டும்; பழைய எண்கள் வேணும்னா அப்பப்போ எடுத்து வச்சுக்கோங்க.

ரீட்மீயில் (திட்ட அறிமுகக் கோப்பில்) ஷீல்ட்ஸ் தளம் தரும், கமிட் எண்ணிக்கை காட்டுற கமிட் ஆக்டிவிட்டி பேட்ஜ் (சின்னப் பட்டை) ஒன்று போதும். அஞ்சாறு பேட்ஜ் ஒட்டினால் திருவிழா பேனர் மாதிரி ஆயிரும்.

கமிட் எண்ணிக்கையை வச்சு மட்டும் ஆளை எடை போடாதீங்க. தமிழ் ஆவணம் எழுதினவரின் உழைப்பு அதில் முழுசாத் தெரியாது; பிழை சொன்னவர் பெரும்பாலும் தெரியவே மாட்டார்.